செத்த கம்பிக்கு ஒரு காவல்காரன்

தேசிக்காய் பிழிந்த தண்ணீர் பல்லில் பட்டதும் பேதுரு வாயைத் திறந்தபடி இருந்துவிட்டான். அது பானைக் குளிர் இல்லை, கிணற்றுக் குளிரும் இல்லை. பல்லின் வேர் வரை போய்க் குத்துகிற ஐஸ் குளிர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் போரால் மின்சாரம் நின்று மூன்றாம் வருடம் நடக்கிறது. சனம் ஜாம் போத்தலுக்குள் திரி போட்டு, மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு எரிக்கிற காலம். இந்தக் காலத்தில் நெல்லியடிக்குப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் கண்ணாடிக் குவளைக்குள் ஐஸ்கட்டி மிதக்கிறது.

“இன்னும் கொஞ்சம் விடட்டோ?” என்று கேட்டாள் வீட்டுக்காரி கமலாவதி.

“விடுங்கோ தங்கச்சி. எனக்குப் பல்லுக் கூசிக் கனகாலம்.”

பக்கத்துக் கதிரையில் இருந்த பராசக்தி குவளையை வாயில் வைக்கவில்லை, அதற்குள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். யாழ்ப்பாணத்தில் ஒரு கிரிமினல் வழக்கறிஞரிடம் இருபது வருடம் கிளாக்காக இருந்தவள். இப்போது நீதிமன்றமும் இல்லை, வழக்கறிஞரும் கனடாவுக்குப் போய்விட்டார். சனத்தின் வில்லங்கம் மட்டும் எங்கும் போகவில்லை. அது சைக்கிளை உருட்டிக்கொண்டு அவளுடைய வீட்டுப் படலைக்கே வந்தது. பேதுரு குருநகர் ஆள், வள்ளத்து எஞ்சின் திருத்துகிறவன். கடலில் இறங்கத் தடை வந்த பிறகு எஞ்சின்கள் நின்றுபோயின. அவனுடைய வாய் மட்டும் நிற்காமல் ஓடியபடியால் அவளுக்குத் துணையாக வந்து சேர்ந்தான்.

இந்த முறை வந்த வில்லங்கத்தில் ஒரு உயிர் போயிருந்தது, இன்னொன்று போகப் பார்த்தது. தோட்டக்காரன் நமசிவாயம் போன கிழமை தன் வேலியோரம் செத்துக் கிடந்தான். பக்கத்தில் கையில் கிடங்கு தோண்டுகிற இரும்பு அலவாங்கோடு நின்றவன் அவனுடைய மனைவியின் தம்பி சண்முகநாதன். முதல்நாள்தான் இரண்டு பேரும் வேலிக்கு உயிர்க்கம்பு, அதாவது கதிகால், நடுகிற விஷயத்தில் ஊர் கேட்கச் சண்டை பிடித்திருந்தார்கள். “அலவாங்காலை அடிச்சதை என்ரை கண்ணாலை கண்டனான்” என்று சாட்சி சொன்னவர் கமலாவதியின் தகப்பன், மில்காரக் கனகலிங்கத்தார். சண்முகநாதனை வாசிகசாலை அறைக்குள் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார்கள். இன்று பின்னேரம் ஊர் இணக்கசபை கூடி அவனை இயக்கத்திடம் கையளிக்கப் போகிறது. கொலைகாரன் என்று கையளிக்கப்பட்டவன் திரும்பி வீட்டுக்கு வந்த கதை இந்த நாட்களில் யாரும் கேட்டதில்லை.

“அண்டைக்கு ஏதும் சத்தம் கேட்டனீங்களோ தங்கச்சி?” என்றாள் பராசக்தி.

“அப்பான்ரை மில் ஒருக்கா முக்கி நிண்டது. பேந்து பழையபடி ஓடினது. அது முக்கின உடனை அப்பா ஓடினவராம். போனால் அங்கை இந்தக் கொலை.”

“உந்த ஐஸ்?”

கமலாவதி பேதுருவின் குவளையை எடுத்துக்கொண்டாள். “அப்பா மில்லிலை இருந்து குடுத்து விடுறவர்.”

படலையைத் தாண்டி ஒழுங்கையில் இறங்கியதும் பராசக்தி கேட்டாள். “என்ன கண்டீர்?”

“ஐஸைக் கண்டன். கண்ட உடனை விழுங்கிப்போட்டன். தடயத்தை அழிச்ச குற்றம் என்னிலை வரும் அக்கா.”

“அதின்ரை மூலை எப்பிடி இருந்தது?”

பேதுரு நாக்கால் மேலண்ணத்தைத் தடவிப் பார்த்தான். “கூர். குத்தினது.”

“மில்லிலை இருந்து இந்த வெயிலுக்கை வந்த ஐஸ் எண்டால் உருகி உருண்டையா எல்லோ இருக்கும். உது அந்த வீட்டுக்குள்ளை, அந்த வீட்டுப் பிறிட்ஜிலை உறைஞ்ச ஐஸ். வீட்டிலை எஞ்சின் சத்தம் கேட்டதோ?”

“இல்லை. தூரத்திலை மில் ஓடுற சத்தம்தான்.”

“இன்னொண்டு. மில் முக்கினால் மில்காரன் எங்கை ஓடுவான்?”

“எஞ்சினடிக்கு.”

“இவர் ஏன் நமசிவாயத்தின்ரை வேலியடிக்கு ஓடினவர்?”

பேதுரு அண்ணாந்து பார்த்தான். ஒழுங்கை ஓரம் நெடுக மின்சாரப் போஸ்டுகள் நின்றன. அவற்றின் உச்சியில் பெரிய கம்பிகள், முந்தி பதினோராயிரம் வோல்ட் போன கம்பிகள், வெயிலில் கிடந்தன. குடாநாட்டில் இப்போது கம்பிக்குப் பயந்தவர் யாரும் இல்லை. அறுந்து விழுந்ததை எடுத்து உடுப்புக் காயப் போட்டார்கள், வேலி கட்டினார்கள். போஸ்டில் மாட்டைக் கட்டினார்கள். பாகலும் பீர்க்கும் உச்சி வரை ஏறிக் காய்த்து, பொடியள் மேலே ஏறி ஆய்ந்துகொண்டு வந்தார்கள். வரும் வழியெல்லாம் அவன் பார்த்தது அதைத்தான்.

இந்த ஒழுங்கையில் அது இல்லை.

“அக்கா, பொறுங்கோ,” என்றான். “இஞ்சை கொடி ஒண்டும் ஏறேல்லை. ஏறினதை அடியிலை வெட்டியிருக்கு. மரங்களைப் பாருங்கோ.”

ஒழுங்கையின் இரண்டு பக்கமும் பூவரசும் வேம்பும் கம்பியிலிருந்து ஒரு ஆள் கையை நீட்டினாலும் எட்டாத தூரத்துக்குச் சீராகக் கொப்பு வெட்டப்பட்டு நின்றன. வெட்டுக் காயங்கள் புதியவை, சில இன்னும் ஈரம் காயாதவை.

“பத்தடி,” என்றான் பேதுரு. அவன் குரலில் இருந்த பகிடி போய்விட்டது. “கம்பிக்குப் பத்தடிக்குள்ளை மரமும் வரப்படாது, மனுசனும் வரப்படாது. இதை எனக்கு ஆர் சொல்லித் தந்தது தெரியுமோ? உந்தக் கனகலிங்கத்தார்தான். உவர் மில் வாங்க முந்தி மின்சார லைன் வேலையை மேற்பார்க்கிற ஓவசியர். நான் படிக்கேக்கை எங்கடை பள்ளிக்கூடத்துக்கு மண்டையோடு கீறின தகரத்தைக் காவிக்கொண்டு வந்து பாடம் எடுத்தவர். மண்டையோட்டு ஓவசியர் எண்டுதான் நாங்கள் கூப்பிடுறது. கம்பிக்குக் கீழை இரும்புத்தடி தூக்கப்படாது. சோதிச்சுப் பாக்கும் வரைக்கும் எந்தக் கம்பியும் உயிரோடைதான். கறண்ட் மண்ணுக்கை இறங்கினால் ஓடாதை, ரெண்டு காலையும் ஒட்டி வைச்சு நில். எல்லாம் பாட்டு மாதிரிப் பாடமாக்கப் பண்ணினவர்.”

“செத்த கம்பிக்கு ஆர் மரம் வெட்டுவினம் பேதுரு?”

“ஒருத்தரும் வெட்டாயினம்.” அவன் மில் பக்கம் கையை நீட்டினான். “அக்கா, ட்ரான்ஸ்போமர் ஒருவழிப் பாதை இல்லை. மேலாலை பதினோராயிரம் வந்தால் கீழை வீட்டுக் கறண்டா இறங்கும். கீழாலை எஞ்சின் கறண்டைக் குடுத்தால் மேலை அதே பதினோராயிரம் ஏறும். மில்லடியிலை ஒரு ட்ரான்ஸ்போமர் நிக்குது. மகளின்ரை வீட்டு மூலையிலை இன்னொண்டு நிக்குது. நடுவிலை ஊர்க் கம்பி.”

“அப்ப மில் ஓடுற நேரமெல்லாம் இந்தக் கம்பிக்கு உயிர்.”

“ஓம். மகள் ஐஸ் குடிக்கிறதுக்கு.”

அடுத்த போஸ்டில் ஆள் உயரத்துக்கு மேல் நாலு ஆணித் துளையும், நடுவில் வெளிறிய சதுரமும் இருந்தன. அபாயத் தகரம் இருந்த இடம். ஆணிகளைக் குறடு வைத்துப் பக்குவமாகக் கழற்றியிருந்தார்கள். கம்பி செத்திருந்த காலமெல்லாம் தகரம் அங்கே தொங்கியிருக்கிறது, கம்பிக்கு உயிர் வந்த பிறகு கழற்றியிருக்கிறார் மனுசன். மண்டையோட்டைக் கண்டு யாராவது யோசிக்கத் தொடங்கினால், யோசிக்கிறவன் கேள்வி கேட்பான் என்ற பயம். குடித்த தேசிக்காய்த் தண்ணீர் பேதுருவின் தொண்டைக்குள் புளித்துக்கொண்டு மேலே வந்தது. அவன் வேலியோரம் போய்க் குனிந்து அதை வெளியே விட்டுவிட்டு வந்தான்.

“என்ன செய்யுது?” என்றாள் பராசக்தி.

“உவன்ரை ஐஸ் எனக்கு வேண்டாம்.”

நமசிவாயத்தின் தோட்டத்து மூலையில் ஒரு பூவரசு மட்டும் வெட்டுப்படாமல் கம்பிக்குள்ளே கொப்பு விட்டு நின்றது. அதன் கீழே ஆட்டுக்கென்று வெட்டிய குழை வாடிக் கிடந்தது. நமசிவாயத்தின் மனைவி செல்வநாயகி கிணற்றடியில் இருந்து எழும்பி வந்தாள்.

“குழை வெட்டின தடி எங்கை பிள்ளை?” என்று கேட்டாள் பராசக்தி.

“அது தடியில்லை, பழைய தண்ணிக் குழாயிலை குழை அறுக்கிற சத்தகக் கத்தி கட்டினது. அண்டையிலை இருந்து காணேல்லை.”

“உடம்பிலை அலவாங்குக் காயம் எங்கை இருந்தது?”

செல்வநாயகி முகத்தைத் திருப்பினாள். “நான்தான் குளிப்பாட்டினனான். தலையிலை ஒண்டும் இல்லை. உள்ளங்கையிலை கரிஞ்சு ஒரு புள்ளி, குதிக்காலிலை ஒரு புள்ளி. உள்காயம் எண்டு கனகலிங்கத்தார் சொன்னவர். அவர்தான் விறகும் தந்து, செத்தவீட்டுக்கு அரிசியும் தந்து எல்லாம் பாத்தவர். அவர் பொய் சொல்லுவாரோ?”

“தம்பியைப் போய்ப் பாத்தனீரோ?”

“எனக்குத் தம்பி இல்லை.”

பராசக்தி மரத்தைக் காட்டினாள். “எல்லா மரத்தையும் வெட்டின ஆள் இதை ஏன் விட்டது?”

“விடேல்லை. கனகலிங்கத்தார் ரெண்டு மூண்டு தரம் வந்து கொப்பை வெட்டச் சொல்லிக் கேட்டவர். ஆட்டுக்குக் குழை வேணும் எண்டு என்ரை மனுசன் சம்மதிக்கேல்லை. ஏன் வெட்ட வேணும் எண்டு இவர் கேக்க, ஒழுங்கையிலை நிழல் விழுகுதாம் எண்டார். இவர் சிரிச்சுப்போட்டு வந்திட்டார்.”

பேதுரு திரும்பி நடந்தான். அதற்கு மேல் அங்கே நின்றால் வாயில் கெட்ட வார்த்தைதான் வரும், அதுவும் புருசனை எரித்துச் சாம்பல் ஆறாத வீட்டில். இரண்டு மூன்று தரம் படலை திறந்து வந்திருக்கிறான் அந்த மனுசன். வந்து நின்று, சாகப் போகிறவனின் முகத்தைப் பார்த்து, நிழல் விழுகிறது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

“இதைச் சபையிலை சொன்னால் போதும்தானே அக்கா?” என்றான் ஒழுங்கையில்.

“சொன்ன உடனை ஆள் மில்லை நிப்பாட்டிப்போட்டு, வந்து கம்பியைத் தொட்டுப் பாருங்கோ எண்டு சொல்லும். மரம் வெட்டினது புண்ணியத்துக்கு எண்டு சொல்லும். ஓவசியரின்ரை வாயாலைதான் வர வேணும். நீர் மில்லுக்குப் போம். மிளகாய் அரைக்க வந்த ஆள் மாதிரிப் போம்.”

அவள் செய்யச் சொன்னது பேதுருவுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் செய்தான். மில்லின் பின்சுவரில், ட்ரான்ஸ்போமருக்குப் போகிற தடித்த வயர் இறங்குகிற பெட்டியைத் திறந்து, அதிலிருந்த மூன்று பியூஸையும் பிடுங்கிச் சாரத்து மடிக்குள் செருகினான். எஞ்சின் முக்கவில்லை, மில் தன் பாட்டுக்கு ஓடியது, மாத்தூளுக்குள் நின்ற வேலைக்காரன் திரும்பியும் பார்க்கவில்லை. அதோடு விடாமல் சைக்கிளை மிதித்துக் கமலாவதியின் படலைக்குப் போய், “தங்கச்சி, இன்னொரு குவளை கிடைக்குமோ?” என்று வெட்கம் இல்லாமல் கேட்டான். சோதிக்கும் வரை எந்தக் கம்பியும் உயிரோடுதான் என்று படித்தவன் அல்லவா.

“இப்பத்தான் பிறிட்ஜ் நிண்டிட்டுது,” என்றாள் அவள் எரிச்சலோடு. “மில் ஓடுற சத்தம் கேக்குது, என்னண்டு தெரியேல்லை.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு விளங்கியது. பேதுரு நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

பின்னேரம் பராசக்தி கேட்டுக்கொண்டபடி இணக்கசபை வாசிகசாலையில் கூடாமல் பூவரசுக்குக் கீழே கூடியது. தலைவர் செல்வரட்ணம் மாஸ்டர் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். கனகலிங்கத்தார் வெள்ளை வேட்டியும் சந்தனப்பொட்டுமாக வந்தார். சண்முகநாதனைக் கூட்டி வந்தார்கள். அவன் தமக்கையைப் பார்த்தான்; செல்வநாயகி மண்ணைப் பார்த்தாள். தூரத்தில் மில் ஓடுகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

“கனகலிங்கத்தார், நீங்கள் எங்கை நிண்டனீங்கள்?” என்றாள் பராசக்தி.

“அந்தப் போஸ்டடியிலை.”

“நமசிவாயம்?”

“உதிலை, மரத்துக்குக் கீழை. இவன் பின்னாலை வந்து அலவாங்காலை போட்டவன்.”

“பொய்,” என்றான் சண்முகநாதன். “நான் கதிகாலுக்குக் கிடங்கு தோண்டிக்கொண்டு நிண்டனான். அத்தான் விழுந்த சத்தம் கேட்டுத்தான் ஓடி வந்தனான்.”

“குழை வெட்டேக்கை அத்தான் எப்பிடி நிக்கிறவர் எண்டு காட்டும் பாப்பம்,” என்றாள் பராசக்தி. காணாமல்போனதைப் போலவே ஒன்று கட்டுவித்து வேலியில் சாத்தி வைத்திருந்த நீட்டு இரும்புக் குழாயை எடுத்து அவனிடம் கொடுத்தாள். நுனியில் சத்தகம் கட்டியிருந்தது.

“அவ்வளவு நீட்டு எண்டால் கம்பியிலை முட்டுமே,” என்றார் மாஸ்டர்.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். “முட்டினால் என்ன மாஸ்டர், கம்பிக்கு நோகுமோ?”

பராசக்தி சிரிக்கவில்லை. அவள் கனகலிங்கத்தார் பக்கம் திரும்பி மிகவும் மரியாதையாகக் கேட்டாள். “நீங்கள் ஓவசியரா இருந்தனீங்கள். உங்கடை சொல்லுத்தான் எங்களுக்குச் சட்டம். இந்தக் கம்பிக்குக் கீழை இவன் இரும்புக் குழாய் தூக்கலாமோ?”

பேதுரு மடியை அழுத்திப் பிடித்தான். மூன்று பியூஸும் அங்கேதான் இருந்தன. மில் வேலைக்காரன் மாற்றுப் பியூஸ் போட்டிருப்பானோ, கமலாவதி ஆள் அனுப்பியிருப்பாளோ என்று இப்போதுதான் யோசனை ஓடியது. ஆனாலும் கனகலிங்கத்தார் வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று அவன் நம்பினான். எவ்வளவு கெட்டவனாக இருந்தாலும், கண்ணுக்கு முன்னால் இளந்தாரி ஒருவன் சாக, பார்த்துக்கொண்டு நிற்க மாட்டான் என்று நம்பினான். அந்தக் கணத்தில் அந்தக் கிழவனுக்காக மாதாவைக் கூட மன்றாடினான்.

கனகலிங்கத்தார் கம்பியை அண்ணாந்து பார்த்தார். சண்முகநாதனைப் பார்த்தார். தலையைச் சற்றே சரித்து மில் சத்தத்தைக் கேட்டார்.

“மூண்டு வருசமாச் செத்த கம்பி,” என்றார். “தூக்கட்டும்.”

சொல்லிவிட்டுப் பின்னுக்கு நகர்ந்தார். கூட்டத்தை விட்டு, மரத்தை விட்டு, வேலி மூலை வரை போனார். போய், செருப்புக் கால் இரண்டையும் ஒன்றோடொன்று ஒட்டி வைத்து, பள்ளிக்கூடத்தில் படிப்பித்தபடியே அசையாமல் நின்றார். பேதுரு அந்தக் கால்களைப் பார்த்தான். பார்த்த உடனே அவனுக்கு உடம்பெல்லாம் புழு ஊர்வதுபோல் இருந்தது. சீ, இவனும் ஒரு மனுசனா. செத்துப்போனால் சண்முகநாதனுக்கு வாய் இல்லை, வழக்கும் இல்லை. கடவுள் தண்டித்தார் என்று சொல்லி இவன் இன்னொரு செத்தவீட்டுக்கும் அரிசி அனுப்புவான்.

சண்முகநாதன் குழாயைத் தூக்கினான். சத்தகம் கொப்புக்கு மேலே போனது, ஆடியது, கம்பியில் இரும்பு பட்டு டங்கென்று ஒரு சத்தம் கேட்டது.

ஒன்றும் நடக்கவில்லை. சண்முகநாதன் குழாயை அப்படியே கம்பியில் சாத்திப் பிடித்தபடி, இனி என்ன செய்வது என்று பராசக்தியைப் பார்த்தான்.

“மில் ஓடுதே,” என்றார் கனகலிங்கத்தார்.

மெதுவாகத்தான் சொன்னார், தனக்குள் சொல்வதுபோல. ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

செல்வரட்ணம் மாஸ்டர் திரும்பினார். “மில் ஓடினால் என்ன?”

கனகலிங்கத்தார் மாஸ்டரைப் பார்க்காமல் மில் பக்கம் பார்த்தார்.

“சொல்லுங்கோ,” என்றாள் பராசக்தி. “மில் ஓடினால் இந்தக் கம்பிக்கு என்ன? நீங்கள் ஏன் அங்கை போய்க் காலை ஒட்டிக்கொண்டு நிக்கிறியள்?”

பேதுரு மடியை அவிழ்த்து மூன்று பியூஸையும் மாஸ்டருடைய கையில் வைத்தான். பிறகு கூட்டத்துக்கு எல்லாவற்றையும் சொன்னான்: மகள் வீட்டுப் பிறிட்ஜையும், கழற்றின மண்டையோட்டையும், பத்தடி வெட்டின மரங்களையும், காணாமல்போன குழாயையும், உள்ளங்கையில் இருந்த கரிப் புள்ளியையும். நிழல் கதையை இரண்டு தரம் சொன்னான். இன்று காலை வரை அந்தக் கம்பியில் உடுப்புக் காயப் போடலாம் என்று நினைத்திருந்த சனம், ஆளுக்கு ஆள் பிள்ளைகளைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தது.

“ஏன் ஐயா ஒரு சொல்லுச் சொல்லேல்லை?” என்றார் மாஸ்டர். “கம்பியிலை கறண்ட் ஓடுது, கிட்டப் போகாதையுங்கோ எண்டு ஒரு சொல்லு.”

“சொன்னால் விடுவினமே?” கனகலிங்கத்தாருக்குத் திடீரென்று கோபம் வந்தது. “வீட்டுக்கு ஒரு பல்ப் தா எண்டு ஊர் முழுக்கப் படலையிலை வந்து நிக்கும். என்ரை எஞ்சின் தாங்குமோ? நான் வேணுமெண்டு செய்யேல்லை. கொப்பை வெட்டு எண்டு நான் கேட்டனான்தானே? அவன்தான் வெட்டேல்லை.”

பக்கத்தில் நின்ற ஒருவர், கனகலிங்கத்தாரின் தோளில் தன் தோள் முட்டாதபடி விலகி நின்றார். பேதுரு காறி மண்ணில் துப்பினான்; அதற்கு மேல் அந்த ஆளுக்குக் கொடுக்க அவனிடம் ஒன்றும் இருக்கவில்லை.

சண்முகநாதன் இன்னும் குழாயைப் பிடித்தபடிதான் நின்றான். எல்லாரும் கதைத்தது அவன் காதில் விழுந்து, மெல்ல மெல்ல உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. தூக்கட்டும் என்று அந்த மனுசன் சொன்னது எதை என்று இப்போதுதான் அவனுக்கு விளங்கியது. அவனுடைய கைகள் நடுங்கத் தொடங்கின. நடுங்கிய கைகளால் குழாயை விட முடியவில்லை. மேலே கம்பியில் இரும்பு உரசி உரசிச் சத்தமிட்டது.

செல்வநாயகி கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவனிடம் வந்தாள்.

“அக்கா,” என்றான் அவன். “நான் அத்தானை அடிச்சன் எண்டு நீயும் நம்பினனியோ?”

அவள் இல்லையென்று சொல்லியிருக்கலாம். அங்கே நின்ற எல்லாரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள்.

“ஓம், நம்பினனான்,” என்றாள். தன் கையை அவன் கைமேல் வைத்து, இறுகிப்போன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினாள். “விடடா. விடு, நான் பிடிக்கிறன்.”